கசப்பு குடிவந்த கொடி

கடல் தன் அலைகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கொடிகள் பேசின, எறும்புகள் பேசின, பாத்தியில் தேங்கிக் கிடந்த தண்ணீர்கூடப் பேசியது. அந்தக் காலத்தில் பாகற்காய் இனித்தது.

கொஞ்ச நஞ்ச இனிப்பு இல்லை. தோலே இனிக்கும். அந்தத் தோலும் இப்போது போல இல்லை. குளிப்பாட்டித் துடைத்த குழந்தையின் கன்னம் மாதிரி வழவழப்பாக இருக்கும். இலையைக் கிள்ளி நாக்கில் வைத்தால் அதுவும் இனிக்கும். பனைகள் அப்போது பாளை விடக் கற்றிருக்கவில்லை. கரும்பு எங்கோ தொலைவில், ஆற்றங்கரைகளில் மட்டும் நின்றது. ஆகவே கடலோரத்து மனிதர்களுக்கு இனிப்பு என்றால் பாகல்தான். அது பாகலுக்கும் தெரியும்.

தெற்கே, நிலம் களைத்துப்போய்க் கடலில் காலை நீட்டிக்கொள்ளும் இடத்தில் ஓர் உப்பளம் இருந்தது. பாத்தி பாத்தியாக வரப்பு கட்டி, கடல்நீரை உள்ளே விட்டு வைத்திருப்பார்கள். காற்று அடங்கிய நேரத்தில் ஒவ்வொரு பாத்தியிலும் ஒரு துண்டு வானம் கிடக்கும். வெயில் அந்த வானத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும். நீர் சுண்டச் சுண்ட, அதன் மேல் மெல்லிய சுருக்கம் ஒன்று படரும். உப்பு பூக்கத் தொடங்கிவிட்டது என்று அதற்குப் பொருள்.

உப்பு பூத்த பிறகும் பாத்தியில் கொஞ்சம் நீர் மிஞ்சும். எண்ணெய் போலக் கனத்து, லேசாகச் சிவந்து, விரலில் தொட்டால் வழுக்கும் நீர். நாக்கில் பட்டால் உச்சந்தலை வரை கசக்கும். அதுதான் கசப்புநீர். உப்பும் அதுவும் ஒரே கடலின் வயிற்றில் ஒன்றாகக் கிடந்த பிள்ளைகள். உப்பு முதலில் வெளியே வருவதால் அண்ணன், கசப்புநீர் தங்கை.

அண்ணனுக்கு எல்லா வீட்டிலும் இடம் உண்டு. அவனை வாரிக் குவித்து, ஓலை வேய்ந்து, வண்டியில் ஏற்றி அனுப்புவார்கள். அவன் போகாத அடுப்படி கிடையாது. தங்கையை மட்டும் மடை திறந்து மறுபடி கடலுக்கே விரட்டுவார்கள். அப்படி விரட்டும்போது உப்பளத்துப் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "வந்த வழியே போ" என்று சொல்வது வழக்கம். ஒரு சொட்டு விடாமல் வடித்துவிட வேண்டும். பாதி வடித்து நிறுத்தினால் பாத்தி முழுவதும் பாழ். அந்த உப்பைத் தொட்ட சோறு யார் தொண்டையிலும் இறங்காது. இதை அங்கே பேச்சு வருவதற்கு முன்பே பிள்ளைகளின் கை கற்றுக்கொண்டுவிடும்.

அந்த உப்பளத்தில் வெயிலுகந்தாள் என்றொரு பெண் இருந்தாள். அவள் கணவன் சுடலை, உப்பு வண்டியோடு உள்நாட்டுக்குப் போகிறவன். மழை கறுக்கும்போதுதான் திரும்புவான். அவர்களுக்கு ஒரே மகள், பேராச்சி. பால் பற்கள் விழுந்துகொண்டிருந்த வயது. பேச்சு மட்டும் பல் விழாத பேச்சு.

ஒருமுறை வண்டியின் அச்சில் ஒட்டிக்கொண்டு வந்த பாகல் விதை ஒன்று அவர்கள் குடிசையின் உடைமுள் வேலியோரம் விழுந்து முளைத்தது. வேலியைப் பிடித்து ஏறி, மஞ்சள் பூக்களை விட்டு, முள் தெரியாதபடி மூடிக்கொண்டது. தாய் பகலெல்லாம் பாத்தியில் நின்றதால் பேராச்சிக்கு அந்தக் கொடிதான் துணை. அவள் அதைச் சித்தி என்று அழைத்தாள். கொடி வெயிலுகந்தாளை அக்கா என்றது.

பேராச்சி வேலியின் நிழலில் உட்கார்ந்து கையை மேலே நீட்டுவாள். பற்றுக்கம்பி ஒன்று இறங்கி வந்து அவள் சுண்டுவிரலைச் சுற்றிக்கொள்ளும்.

"சித்தி, இன்னைக்கு என்ன கனவு கண்ட?"

"மேகத்து மேல ஏறிப் போனேன். அங்க வேலியே இல்ல. பிடிக்க ஒண்ணுமில்லாம திரும்பி வந்துட்டேன்."

"என்னையும் கூட்டிட்டுப் போயிருக்கலாம்லா?"

"நீ கனம்டி."

"நான் கனமா? பாரு, காத்துல பறக்கேன்!" என்று அவள் கையை விரித்துச் சுற்றுவாள். சுற்றிக் களைத்ததும், "பசிக்குது" என்பாள்.

உடனே ஒரு காய் இலை மறைவிலிருந்து அவள் மடியில் விழும். அவள் தின்பாள். இன்னொன்று விழும். தாய் காலையில் வைத்துவிட்டுப் போன கஞ்சி, மூடிய சட்டியிலேயே புளித்துப்போகும். வறுத்து வைத்த மீனைக் காகம் கொண்டுபோகும். சாயங்காலம் வெயிலுகந்தாள் உப்புப் பொரிந்த கால்களோடு வந்து, "கஞ்சி குடிச்சியாட்டி?" என்று கேட்டால், பேராச்சி ஒட்டும் வாயைத் துடைத்துக்கொண்டு தலையாட்டுவாள். கொடி பேசாமல் இருக்கும். அதற்குள்ளே ஒரு பெருமிதம். தன்னால் ஒரு பிள்ளை வளர்கிறது என்ற பெருமிதம்.

வெயில் முதிர்ந்தது. பேராச்சிக்குத் தாகம் வரத் தொடங்கியது. ஊற்றுநீரைக் குடம் குடமாகக் குடித்தாள். குடித்து முடிப்பதற்குள் மறுபடி தாகம் என்றாள். கை கால் மெலிந்தது. கன்னத்து எலும்பு தெரிந்தது. பேச்சு குறைந்தது. பட்டப்பகலில் வேலியோரம் படுத்துத் தூங்கினாள். எழுப்பினால் கண்ணைத் திறந்து, யாரென்று தெரியாதவள் போலப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டாள்.

வெயிலுகந்தாள் வேப்பிலை அடித்துப் பார்த்தாள். கடலம்மைக்குப் பூ விட்டாள். எதற்கும் நோய் கேட்கவில்லை.

ஒருநாள் காலை, பாத்திக்குக் கிளம்பியவள் வாசலில் நின்றுவிட்டாள். வரப்பு நெடுக எறும்புகள் வரிசை வைத்துக் குடிசைக்குள் போய்க்கொண்டிருந்தன. உப்பளத்தில் எறும்பு தங்காது. அவள் பிறந்ததிலிருந்து அங்கே எறும்பு வரிசையைப் பார்த்ததே இல்லை.

"யார் வீட்டுக்கு வந்திருக்கீக?" என்று கேட்டாள்.

முன்னால் போன கட்டெறும்பு நின்று, கால்களால் மீசையை நீவிக்கொண்டது. "ஒங்க வீட்டுக்குத்தான் தாயி. வழி கேட்டுக் கேட்டு வர்றோம். என்ன ஊரு இது, கால் வச்சா கால் எரியுது!"

"இங்க ஒனக்கு என்ன இருக்கு? உப்பும் மீனும்தானே."

"அட, தெரியாத மாதிரி கேக்கிறதப் பாரு!" என்று எறும்பு பின்னால் நின்றவற்றைப் பார்த்துச் சிரித்தது. "ஒம்மக எங்க கால் கழுவுனாளோ அந்த மண்ணு இனிக்குது. அவ வேர்வை இனிக்குது. எங்க பாட்டன் பூட்டன் காலத்துல இப்படி ஒரு பிள்ளையக் கண்டதில்ல. ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ. இன்னும் கொஞ்ச நாள்ல அவ முழுசும் இனிப்பாயிருவா. அப்புறம் ஒனக்கு மக கிடையாது. எங்களுக்குப் பண்டம் இருக்கும்."

வெயிலுகந்தாள் காலைத் தூக்கி மிதிக்கப் போனாள். பிறகு காலை இறக்கிவிட்டாள். எறும்பு பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. உள்ளே ஓடி, பாயில் கிடந்த மகளின் நெற்றியை முகர்ந்து பார்த்தாள். பாகல் வாசனை வந்தது.

அவள் நேராக வேலிக்குப் போனாள்.

"நீ என்ன குடுத்த எம்புள்ளைக்கு?"

கொடியின் இலைகள் அசையவில்லை. "பசிக்குதுன்னா அக்கா. குடுத்தேன்."

"இனி குடுக்காத."

"குடுக்கல."

"அவ அழுதாலும் குடுக்காத."

"குடுக்கல அக்கா. சத்தியம்."

அன்று நடுப்பகலில் பேராச்சி சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். வேலியடியில் விழுந்து, கையை மேலே நீட்டினாள். "சித்தி, ஒண்ணே ஒண்ணு" என்றாள். கொடி காற்றடிக்காத போதும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது. "சித்தி, நா வறளுது." கொடி இலைகளை இறுக்கி மூடிக்கொண்டது. பிள்ளை அதன் பிறகு எதுவும் கேட்கவில்லை. நீட்டிய கையை மட்டும் இறக்கவில்லை.

பற்றுக்கம்பி தானாக இறங்கி வந்தது. அதன் பின்னாலேயே காயும் விழுந்தது.

வெயிலுகந்தாள் திரும்பி வந்தபோது பேராச்சி வேலியடியில் அசையாமல் கிடந்தாள். மூச்சு இருந்தது. உதட்டோரம் எறும்புகள் இருந்தன. அவள் எறும்புகளைத் தட்டி, மகளைத் தூக்கி உள்ளே கிடத்திவிட்டு, கூரையில் செருகியிருந்த அரிவாளை உருவிக்கொண்டு வந்தாள்.

"வெட்டு அக்கா" என்றது கொடி. அழுதுகொண்டிருந்தது. "வெட்டணும்தான். ஆனா வெட்டினா தீராது. என் விதை இந்த வேலி பூரா விழுந்து கிடக்கு. நாளைக்கு ஒண்ணு முளைக்கும். அது அவளைக் கூப்பிடும். அவளும் போவா."

"அப்போ எம்மவ சாகட்டுமா?"

"என்னை அவளுக்குப் பிடிக்காமப் போகணும். அதான் வழி." கொடியின் இலைகள் குடிசைப் பக்கம் திரும்பின. "அதுவும் போதாது. என் இனிப்பு அவ ரத்தத்துல ஏறி உக்காந்திருக்கு. யார் போய் அதைக் கீழே இறக்குறது? உள்ள போன வழி எனக்குத்தான் தெரியும். நான்தான் போகணும். இனிப்பாப் போன நானே வேற ஒண்ணாப் போகணும்."

"வேற என்னவா?"

"ஒங்க பாத்தியில மிஞ்சுற தண்ணி இருக்குல்லா. அதுல ஒரு சிரட்டை என் வேருக்கு ஊத்து."

வெயிலுகந்தாள் அரிவாளைக் கீழே போட்டாள். கசப்புநீரை யாரும் மண்ணில் ஊற்றுவதில்லை. ஊற்றிய இடத்தில் புல்கூட முளைக்காது. அது அவளுக்கும் தெரியும், கொடிக்கும் தெரியும்.

"செத்துருவியே."

"ஒரு சிரட்டைதானே. சாக மாட்டேன். கொஞ்சம் கசப்பேன். அவ துப்பிருவா. பெறகு ஒரு நாளு, கொஞ்சம் பெரியவளானதும், 'சித்தி, ஏன் இப்படி ஆயிட்ட'ன்னு கேப்பா. அப்ப சொல்லிக்குவேன்." இதைச் சொல்லும்போது கொடியின் குரலில் ஒரு சின்ன ஆசை இருந்தது. "ஒரு சிரட்டை அக்கா. அதுக்கு மேல வேண்டாம். அவளுக்குன்னு கொஞ்சம் இனிப்பு வச்சுக்கிறேன்."

வெயிலுகந்தாள் குடத்தை எடுத்துக்கொண்டு பாத்திக்குப் போனாள். வெயில் இன்னும் தாழவில்லை. எங்கும் கானல். வரப்புகள் நிலத்தை விட்டு ஒரு முழம் மேலே மிதந்தன. குவித்து வைத்த உப்பு அம்பாரங்கள் தலைகீழாக நின்றன. அவள் நடக்கிறாளா, மிதக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. வடிப்பதற்காக ஒதுக்கியிருந்த பாத்தியில் கசப்புநீர் அசையாமல் கிடந்தது.

"மடை திறக்க வந்துட்டியா?" என்று அது கேட்டது. "திற. போறேன். முகத்தைத் திருப்பிக்கோ, மறந்துராத."

"இன்னைக்கு நீ கடலுக்குப் போக வேண்டாம்."

"பின்ன எங்க?"

"எங்க வீட்டுக்கு."

கசப்புநீர் மெல்லக் கேட்டது: "அண்ணன் இருக்கானே, அந்த வீட்டுக்கா?"

"ஆமா."

"கேலி பண்ணாத தாயி. நான் போன வீடு எதுவும் இல்ல."

வெயிலுகந்தாள் குனிந்து குடத்தை முக்கினாள். முதல்முறையாக ஒருத்தி தன்னை முகம் திருப்பாமல் அள்ளுவதைப் பார்த்துக் கசப்புநீர் சத்தமில்லாமல் குடத்துக்குள் ஏறிக்கொண்டது.

கொடி காத்திருந்தது. வெயிலுகந்தாள் தேங்காய்ச் சிரட்டையால் மொண்டு முதலில் ஒரு சிரட்டை ஊற்றினாள். வேரடி மண் புகைந்தது போலக் கறுத்தது. கொடி நுனி வரை நடுங்கியது. பூக்கள் கூம்பின. தாங்கிக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, "போதும் அக்கா" என்றது.

அவள் நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவள் உப்பளத்துக்காரி. கையில் கசப்புநீர் மிச்சம் இருக்கிறது. பின்னால் குடிசைக்குள் மகள் கிடக்கிறாள். பாதி வடித்து நிறுத்திய பாத்தி பாழ் என்று அவள் கைக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். அந்தக் கை யாரையும் கேட்கவில்லை. குடத்தைத் தூக்கியது. கவிழ்த்தது. கடைசிச் சொட்டு வரை கவிழ்த்தது. வழக்கம்போல அவள் முகம் தானாகத் திரும்பிக்கொண்டது.

கசப்புநீரும் நிற்கவில்லை. யாரும் அழைத்துப் பழக்கமில்லாதது அது. ஒரு வீட்டுக்குள் வந்தவள் எந்த இடத்தோடு நிற்க வேண்டும் என்று அதற்குத் தெரியாது. மகிழ்ச்சியில் ஓடியது. வேரில் ஏறி, தண்டில் ஏறி, ஒவ்வொரு இலை நரம்பையும் தட்டிப் பார்த்து, ஒவ்வொரு காய்க்குள்ளும் புகுந்தது. பாத்தியில் உப்பு பூக்கும் நேரத்தில் நீரின் மேல் படரும் அதே சுருக்கம் காயின் தோலில் படர்ந்தது. வழவழத்த கன்னங்கள் எல்லாம் மேடும் பள்ளமுமாக முண்டிக்கொண்டு வந்தன.

"அக்கா, அவளுக்குன்னு..." என்றது கொடி. அவ்வளவுதான். கசப்பு அதன் நாக்கைத் தொட்டுவிட்டது. சொல் முடியவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கொடி பேசவே இல்லை.

ஆனால் பேச்சு போவதற்கு முந்தைய அந்தக் கணத்தில் கொடி ஒன்று செய்தது. மிச்சமிருந்த இனிப்பையெல்லாம், வெள்ளம் வரும்போது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடுகிறவளைப் போல, வாரி எடுத்துக்கொண்டு காயின் நடுவுக்கு ஓடியது. அங்கே விதைகள் இருந்தன. ஒவ்வொரு விதையைச் சுற்றியும் அந்த இனிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பூசி, சுற்றிலும் சதையை மூடிக்கொண்டது. வெளியே இருந்து பார்த்தவர்களுக்கு எதுவும் தெரியவில்லை.

மறுநாள் பேராச்சி கண் விழித்து, தட்டுத்தடுமாறி எழுந்து வந்தாள். நேராக வேலிக்குத்தான் வந்தாள். கை நீட்டினாள். பற்றுக்கம்பி இறங்கி வந்து விரலைச் சுற்றியது. அவளே ஒரு காயைப் பறித்துக் கடித்தாள்.

கடித்த வேகத்தில் துப்பினாள். நாக்கைப் பாவாடையில் துடைத்தாள். மண்ணை அள்ளி வாயில் தேய்த்துக்கொண்டாள்.

"என்ன சித்தி இது? என்ன செஞ்ச?"

கொடி அசைந்தது. பதில் வரவில்லை.

"பேசு சித்தி! ஏன் பேசமாட்டேங்க?" அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு அவள் முகம் மாறியது. "வேணும்னே பண்ணியிருக்க. அம்மா சொன்னதக் கேட்டு எனக்குக் குடுக்கக் கூடாதுன்னு பண்ணியிருக்க. மூஞ்சியப் பாரு, தவளை முதுகு மாதிரி! நீ என் சித்தியே இல்ல, போ!"

விரலைச் சுற்றியிருந்த பற்றுக்கம்பியைப் பிய்த்து எறிந்துவிட்டு உள்ளே போனாள். அது வேறு எதையும் பிடிக்காமல் காற்றில் சுருண்டுகொண்டது.

வெயிலுகந்தாள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வேலிக்குப் போய், மடி நிறையக் காய் பறித்தாள். கொடி இழுக்கவில்லை, கொடுத்தது.

அவள் காயை வட்டம் வட்டமாக நறுக்கினாள். எந்நேரமும் உப்பில் புழங்கும் கை. விரலிடுக்கில் எல்லாம் உப்புத் தூள் ஒட்டியிருந்தது. அந்தத் தூள் துண்டுகளின் மேல் உதிர்ந்தது. உதிர்ந்த கொஞ்ச நேரத்தில் துண்டுகள் வியர்க்கத் தொடங்கின. ஒவ்வொன்றிலிருந்தும் இளம்பச்சை நீர் கசிந்து, சொட்டி, ஓடியது. அவள் பயந்து கையை எடுத்துவிட்டாள்.

"அண்ணே!" என்று அந்த நீர் கூப்பிட்டது. "அண்ணே, நானும் வீட்டுக்குள்ள வந்துட்டேன்!"

"நீயா?" என்றது உப்பு. "எப்படிளா வந்த? யார் கூட்டிட்டு வந்தா?"

கசப்புநீர் அழுதது. உப்பும் அதில் கரைந்தது. எது கண்ணீர், எது உப்பு, எது கசப்பு என்று பிரிக்க முடியாமல் அவை தட்டில் ஒன்றாய்க் கிடந்தன. வெயிலுகந்தாள் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பிறகு துண்டுகளை மெல்லப் பிழிந்து எடுத்து, புளியைக் கரைத்து ஊற்றிக் குழம்பு வைத்தாள். கசப்பு போய்விடவில்லை. ஆனால் அழுது முடித்தவர்களின் முகத்தில் வருமே ஒரு தணிவு, அது அந்தக் குழம்பில் இருந்தது.

உப்பு படாத துண்டுகளை அவள் வரப்பின் மேல் ஓலையை விரித்துக் காயவைத்தாள். அவை சுருண்டு, கறுத்து, உலர்ந்த பூக்கள் போல ஆயின. கொதிக்கும் நீரில் அவற்றைப் போட்டு மூடிவைத்தாள். நீர் மெல்ல மெல்லச் சாயங்கால வானத்தின் நிறத்துக்கு வந்தது. சூடு ஆறுமுன் வடித்து, சிரட்டையில் எடுத்துக்கொண்டு மகளிடம் போனாள்.

பேராச்சி முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பினாள். "இது அவதானே? எனக்கு வேண்டாம்."

"குடிட்டி."

"நீ மொதல்ல குடி."

வெயிலுகந்தாள் குடித்தாள். முழுவதும் குடித்துவிட்டு, இன்னொரு சிரட்டை வடித்து வந்தாள்.

"ஒனக்குக் கசக்கலியா?"

"கசக்குது."

"அப்போ ஏன் மூஞ்சியச் சுளிக்கல?"

தாய் சிரட்டையை நீட்டினாள். பேராச்சி மூக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி, காலை உதறி, வைதுகொண்டே குடித்தாள். மறுநாளும் குடித்தாள், மறுநாளும் வைதாள். வேலிப்பக்கம் மட்டும் அவள் போகவில்லை. குடிசையிலிருந்து ஊற்றுக்குப் போக வேலியோரம்தான் வழி. அவள் சுற்றிக்கொண்டு போனாள்.

கசப்பு அவளுக்குள் இறங்கியது. கொடி முன்பு இனிப்பாகப் போன வழியிலேயே போய், இரத்தத்தில் உட்கார்ந்திருந்த இனிப்பை ஒவ்வொரு படியாகக் கீழே இறக்கிவந்தது. தாகம் தணிந்தது. கன்னத்து எலும்பைச் சதை மூடியது. ஒருநாள் காலை அவள் கஞ்சியைக் குடித்துவிட்டு, "இன்னும் இருக்கா?" என்று கேட்டாள்.

அன்று கட்டெறும்பு வாசலில் வந்து நின்றது. "என்ன தாயி, வீட்ட மாத்திட்டீகளா? மோப்பமே கிடைக்கல. எங்காளுக வரப்புல வழி தெரியாம சுத்துறாக."

"இங்க இனி ஒனக்கு ஒண்ணுமில்ல. போயிரு."

"போறேன், போறேன். உப்பும் கசப்பும் தின்னுக்கிட்டு நீங்களே இருங்க" என்று சொல்லிவிட்டு எறும்பு தன் கூட்டத்தைத் திருப்பிக்கொண்டு போனது.

மழை கறுத்தது. வண்டி மணி கேட்டது. சுடலை வந்து, காலைக் கழுவிவிட்டு, பசியோடு உட்கார்ந்தான். ஒரு வாய் வைத்ததும் நிறுத்தினான்.

"என்ன இது?"

"பாகல்" என்றாள் வெயிலுகந்தாள்.

"நல்லாத்தான் இருக்கு விளையாட்டு. பாகல் இப்படியா இருக்கும்?" மென்றான். விழுங்கினான். நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தான். "கசக்குது. ஆனா கையை எடுக்க மனசு வரல. இன்னும் கொஞ்சம் போடு."

மழை ஓய்ந்த ஒரு காலையில், உச்சிக் கிளையில், யார் கைக்கும் எட்டாமல் தப்பிப்போன ஒரே ஒரு காய் பழுத்தது. பச்சை போய் மஞ்சளாகி, மஞ்சளும் போய்த் தீயின் நிறமாகி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாய் பிளந்து, ஒரு பூவைப் போலப் பின்னால் மடங்கியது. உள்ளே செக்கச் செவேலென்று விதைகள். ஒரு மைனா வந்து உட்கார்ந்து கொத்தித் தின்றது. தின்றுவிட்டுப் பாடியது.

பேராச்சி ஊற்றிலிருந்து குடத்தோடு வந்துகொண்டிருந்தாள். சுற்றுவழியில் நின்று அண்ணாந்து பார்த்தாள். மைனா கசப்பைத் தின்றுவிட்டா இப்படிப் பாடுகிறது? அவள் குடத்தை இறக்கிவைத்துவிட்டு வேலிக்கு வந்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு. மைனா பறந்தபோது ஒரு விதை அவள் காலடியில் விழுந்தது. எடுத்தாள். தயங்கித் தயங்கி நுனி நாக்கில் வைத்தாள்.

பழைய இனிப்பு. நாக்கை நனைக்கும் அளவுக்கு மட்டும். உணரும் முன்பே கரைந்துபோனது. உள்ளே கடினமான விதை ஒன்று மட்டும் மிஞ்சியது.

அவள் வீட்டுக்கு ஓடினாள். "அம்மா, சித்தி உள்ள இனிக்குது. யாருக்கு வச்சிருக்கு அதை?"

அடுப்பின் முன்னால் இருந்த வெயிலுகந்தாள் நிமிரவில்லை. "ஒரு சிரட்டை போதும்னுதான் சொல்லிச்சு" என்றாள். "கொஞ்சம் ஒனக்குன்னு வச்சுக்கிறேன்னு சொல்லிச்சு. நான் குடத்தைக் கவுத்துட்டேன்."

பேராச்சிக்கு முழுவதும் புரிந்ததா என்று தெரியாது. அவள் அடுப்பருகே வடித்து வைத்திருந்த சிரட்டையை எடுத்துக்கொண்டு வேலியடிக்குப் போய் உட்கார்ந்தாள். "சித்தி" என்றாள். இலைகள் அசைந்தன. "சித்தி, நேத்து என்ன கனவு கண்ட?" பதில் வரவில்லை, இனி வராது. அவள் கையை மேலே நீட்டினாள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு பற்றுக்கம்பி, வழி மறந்துபோனது போலக் காற்றைத் தடவித் தடவி இறங்கி வந்து, அவள் சுண்டுவிரலைச் சுற்றிக்கொண்டது. அவள் இன்னொரு கையால் சிரட்டையை வாயில் வைத்தாள். கசந்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டே, ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.

உச்சியில் பிளந்திருந்த பழத்தில் இன்னும் விதைகள் இருந்தன. அவள் அவற்றைப் பறிக்கவில்லை. அடுத்த முறை அப்பாவின் உப்பு வண்டி உள்நாட்டுக்குப் போனபோது, மைனா சிந்தியவை அதன் அச்சில் ஒட்டிக்கொண்டு உப்பு போன ஊருக்கெல்லாம் போயின. உப்பு நுழைந்த வீட்டுக்குள்ளெல்லாம் நுழைந்தன. பழைய பாகலை அதன் பிறகு யாரும் காணவில்லை.

அன்று முதல்தான், நறுக்கிய பாகலில் உப்பு விழுந்ததும் அதன் கசப்பு அண்ணனைக் கண்ட தங்கையைப் போல வெளியே ஓடி வருகிறது. பாகலும் தன் கசப்பைப் பச்சையிலேயே நம் கையில் கொடுத்துவிட்டு, இனிப்பை மட்டும் நாம் மறந்துபோன கிளையில், யாரோ ஒருத்தி திரும்பி வரும்வரை, விதையோடு வைத்துக்கொண்டு காத்திருக்கிறது.